எட்டாவது பாட்டின் எக்கோ

“ரிக்கார்டிங் வேலை முடிந்தது. மிக்ஸிங்குக்கு ஐந்து கை தேவை. பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை மட்டும். பாடகர் வர வேண்டிய அவசியம் இல்லை.”

திண்டிவனத்திலிருந்து எனக்கு வந்த அஞ்சலட்டையில் இவ்வளவுதான் இருக்கிறது. முத்திரையில் 1987 தெரிகிறது. மாதம் இருந்த இடத்தில் யாருடைய கட்டைவிரலோ பதிந்திருக்கிறது. கிடைத்த நாளை நானே ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்: மாசி மாத முதல் வெள்ளி, மாலைத் தபால். எங்கள் மெல்லிசைக் குழுவைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பவை இந்த அட்டையும் என் குறிப்பேடும்தான். மற்றதெல்லாம் வாய்வழி வரலாறு, அதாவது ஆளுக்கு ஒரு பொய்.

விழுப்புரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சினிமாப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த குழு அது. நான் தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேடுகளுக்குக் காவல். மாலையில் மேடையேறி “அடுத்து வரும் பாடல்” என்று சொல்வது என் கலைப்பணி. எங்களுக்குச் சொந்தமாக எட்டுப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, கேசட்டாகப் போட வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்பதையும் குறித்திருக்கிறேன். 1986 கார்த்திகையில், ஒரு வரவேற்பு நிகழ்ச்சி மழையில் நின்றுபோய், பந்தியும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தபோது வந்தது. பெரிய முடிவுகளைப் பசியோடு எடுக்கக் கூடாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எட்டில் இரண்டு பாட்டுக்கு வரிகள் என்னுடையவை. அவற்றை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. தபலாவைத் தாண்டி அவை யாருக்கும் கேட்டதில்லை.

எங்கள் பாடகர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் எழுத்தர். ஒரு புகழ்பெற்ற சினிமாப் பாடகரின் குரலை அச்சு அசலாகப் பாடுவார். பன்னிரண்டு வருடமாக அவருக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றே ஒன்று: “அப்படியே அவரேதாங்க.” கேட்ட எல்லாருக்கும் அது சந்தோஷம். எங்கள் பாடகருக்கு மட்டும், தன் குரல் என்று ஒன்று இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. சொந்தக் கேசட் அவருக்கு அதற்காகத்தான் வேண்டியிருந்தது. ஒரு தடவையாவது தன் குரல் தன்னுடையதாகக் கேட்க வேண்டும்.

அவர் மனைவியும் குழுவில் கோரஸ் பாடுகிறவர். அந்த அம்மா ஒத்திகையில் எல்லார் எதிரிலும் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது.

“வூட்ல தண்ணி கேக்கறதும் அந்த மாரியேதான் கேக்குறாரு. நான் இவரைக் கட்டிக்கினேனா, அவரைக் கட்டிக்கினேனான்னே தெரியல.”

“அவரு உனக்குக் கெடச்சிருப்பாரா?” என்றார் பாடகர்.

“அவரா இருந்தா தண்ணியத் தானே மொண்டு குடிப்பாரு.”

ஸ்டுடியோ என்று நாங்கள் மரியாதையாகச் சொன்னது, திண்டிவனத்தில் ஒரு கேசட் கடைக்குப் பின்னால் இருந்த அறை. சுவரெல்லாம் சாக்கு, அதன்மேல் முட்டை வைக்கும் அட்டை. உரிமையாளர்தான் இன்ஜினியர். வானூர்ப் பக்கம் பத்து வருடம் மைக் செட் வைத்திருந்தவர். நாலு தடம் கொண்ட ஒரு டேப் மிஷின் வாங்கிய அன்றே தன்னை இன்ஜினியர் என்று அழைக்கச் சொல்லிவிட்டார். படிக்காமல் அந்தப் பட்டம் பெற அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நாலு தடத்தில் எங்கள் எட்டுப் பாட்டும் பதிவாகியிருந்தன. ஒன்றில் தபலா, ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் கோரஸ், ஒன்றில் பாடகரின் குரல். இந்த நாலையும் அளவாகக் கலந்து இன்னொரு டேப்பில் இறக்குவதுதான் மிக்ஸிங். ஒவ்வொரு தடத்துக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். ஐந்தாவதாக, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோவுக்கு ஒரு குமிழ். பாட்டு ஓடும்போதே எல்லாவற்றையும் திருகிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் ஐந்து கை. குரலுக்கு இன்ஜினியரின் வலது கை, எக்கோவுக்கு அவரது இடது கை. மற்ற மூன்றுக்கும் அவரவர் சத்தத்துக்கு அவரவர் கை என்பது அந்த ஸ்டுடியோவின் வழக்கம். திருடனுக்கே சாவியைக் கொடுக்கும் இந்த முறையை வேறு எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

விளைவு குறிப்பேட்டில் இருக்கிறது. முதல் பாட்டு, முதல் மிக்ஸ்: தபலா மட்டும் கேட்டது. இரண்டாவது மிக்ஸ்: கீபோர்டு பழிவாங்கியது. மூன்றாவது மிக்ஸில் இருவரும் முழுக்கத் திருகிவிட்டதால் சத்தம் காட்டும் மீட்டரின் முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

“உங்க கையை நீங்களே கொஞ்சம் கட்டிப் போடுங்க மாமா,” என்றார் இன்ஜினியர் தபலாக்காரரிடம்.

“நானா? நான் தொடவே இல்லைப்பா. குமிழு தானா ஏறிக்கினு போவுது.”

பாடகர் அவசியம் இல்லை என்று அட்டையில் எழுதியதற்கும் இதுதான் காரணம். பாடகர்கள் எல்லாரும் தங்கள் குரலைக் கூட்டச் சொல்வார்கள் என்பது இன்ஜினியரின் அனுபவம். எங்கள் ஆள் கேட்டதோ எக்கோவைக் குறைக்கச் சொல்லி. இந்தப் புதுமாதிரித் தொல்லைக்கும் சேர்த்துத்தான் அவருக்குத் தடை. என்றாலும் அவர் வந்தார். ஒவ்வொரு முறையும் எங்களோடு பஸ் ஏறி, எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

அங்கே உட்காரக் காரணம் இருந்தது. மிக்ஸ் முடிந்ததும் அதை அறையில் கேட்டு இன்ஜினியர் முடிவு செய்ய மாட்டார். கடை வாசலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, சாலையைக் கடந்து போய் டீக்கடையில் நிற்பார். திருவிழாக் குழாயில் நன்றாக இல்லாத பாட்டு பாட்டே இல்லை என்பது அவர் கொள்கை. தீர்ப்புச் சொல்கிறவர் டீ மாஸ்டர். அவர் டீயை ஆற்றிக்கொண்டே “இது இன்னா படம்?” என்று கேட்டுவிட்டால் மிக்ஸ் தேறியது.

ஏழு பாட்டுக்கும் கேட்டார். ஏழு முறையும் இன்ஜினியர் முகம் மலர்ந்தது. பெஞ்சில் இருந்தவர் முகம் ஏழு முறையும் விழுந்தது. எக்கோவைக் கொட்டினால் எந்தக் குரலுக்கும் ஒரு சினிமாப் பளபளப்பு வந்துவிடும். எங்கள் பாடகரின் குரலோ கொஞ்சம் எக்கோ பட்டாலே அப்படியே அவர்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார். கடைசிப் பாட்டுக்காச்சும் கொறைக்கச் சொல்லுங்க,” என்றார் என்னிடம். சொன்னேன்.

“எக்கோ இல்லாத கொரலு வேட்டி இல்லாம நிக்கிற ஆளு மாரி சார்,” என்றார் இன்ஜினியர். “அவரு நிக்கலாம். நம்ம பாக்கணுமே.”

அந்தக் கடைசிப் பாட்டு பாடகர் தானே எழுதியது. கூட்டேரிப்பட்டில் இறங்கி ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பவன் பாடுவது. எல்லா பஸ்ஸும் நிற்கிறது, அவள் வர வேண்டிய பஸ் மட்டும் நிற்காமல் போகிறது. பிரயாண அனுபவம் உள்ளவர்கள் நம்பக்கூடிய கதை. மெட்டு முழுக்கக் கீழ் சுருதியில், பேசுகிற மாதிரி. அந்தச் சுருதியில் போய் நின்றால் அந்தச் சினிமாக் குரல் தானாகக் கழன்றுவிடும் என்று கணக்குப் போட்டு அமைத்திருந்தார். எக்கோவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பங்குனி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை அதன் மிக்ஸிங். மைலத்தில் பங்குனி உத்திரத் திருவிழாக் கடைகளில் கேசட்டை வைப்பதாக ஏற்பாடு. பிரதி எடுக்க மாஸ்டர் டேப் அன்று மூன்று மணி பஸ்ஸில் மெட்ராஸ் போயாக வேண்டும். பகல் பன்னிரண்டரைக்கு மேல்தான் வேலை நடக்கும் என்பதற்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் உண்டு. பின் தெருவில் ஒரு ரைஸ் மில். அது ஓடும்போது வோல்டேஜ் இறங்கி எங்கள் டேப்புக்குத் தூக்கம் வந்துவிடும். மில் ஆட்கள் சாப்பிடப் போகும் ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு. தமிழ் இசையின் எதிர்காலம் அவர்கள் எவ்வளவு நிதானமாகச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

முதல் நாலு மிக்ஸ் வழக்கமான காரணங்களால் வீண். ஒன்றேமுக்காலுக்குக் கீபோர்டுக்காரர் எழுந்தார். மாலையில் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு பெண்ணழைப்பு, வேறு குழுவோடு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு தம்பி,” என்றார் இன்ஜினியர்.

“இதையேதாண்ணே நாலு தடவையா சொல்லிக்கினு கீறீங்க. அந்த பஸ்ஸ வுட்டா ராத்திரிதான் போய்ச் சேருவேன். சாரைப் புடிக்கச் சொல்லுங்க.”

அப்படித்தான் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டின் குமிழைப் பிடித்தேன். அதுவரை ஒவ்வொரு மிக்ஸிலும் எந்த நேரத்தில் யார் கை எங்கே இருந்தது என்று எழுதிவந்தவன் நான். அன்று ஐந்தாவது மிக்ஸுக்கு ஒரு வரியும் இல்லை.

நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். இடது ஓரத்தில் தபலாக்காரர், பிறகு நான், என் வலப்பக்கம் பாடகரின் மனைவி, வலது ஓரத்தில் இன்ஜினியர். எக்கோ குமிழ் அந்த அம்மாவுக்கும் இன்ஜினியருக்கும் நடுவில், கொஞ்சம் மேலே. நான் கை நீட்டினாலும் எட்டும். தபலாக்காரருக்கு எட்ட வேண்டுமானால் என்மேல் சாய வேண்டும். அவர் அன்று முழுவதும் என்மேல்தான் சாய்ந்திருந்தார்.

பல்லவி நன்றாகப் போயிற்று. முதல் சரணமும். தபலாகூட அடக்கமாக இருந்தது. மில்காரர்கள் அன்று அவசரமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு அடிக்க இன்னும் சில நிமிடம் இருக்கும்போதே பின் தெருவில் பெல்ட் சத்தம் கிளம்பியது. விளக்கு மங்கியது. இன்ஜினியரின் இடது கை எக்கோவை விட்டுப் பக்கவாட்டில் இருந்த ஸ்டெபிலைசருக்குப் பாய்ந்தது. அதை ஒவ்வொரு படியாகத் திருகி அவர் டேப்பைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, எக்கோ இறங்கியது. சட்டென்று அல்ல. யாரோ பொறுமையாகத் திருகியது போல ஒரு வரிக்குள் அடியோடு போய்விட்டது.

சின்ன ஸ்பீக்கரில் ஒரு மனிதன் பாடினான். மூக்கில் லேசாக ஒட்டும் குரல். கீழ் சுருதியில் ஓரிடத்தில் உடைந்தது, உடைந்தபடியே மேலே போனது. ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது போல இருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. கடைசி வரி வரைக்கும் அப்படியே ஓடி முடிந்தது.

இன்ஜினியர் டேப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“யாரு கை அது?”

“எது?” என்றார் தபலாக்காரர்.

“எக்கோ.”

“கரண்டு கொறைஞ்சிதில்ல? எக்கோவும் கொறைஞ்சிருக்கும்,” என்றார் அந்த அம்மா.

“கரண்டு போனா மொத்தமும் போவும்மா. எக்கோ மட்டும் தனியா எறங்கிப் போறதுக்கு அது இன்னா டவுன் பஸ்ஸா? செம பேஜாராப் பூட்டுதே. இன்னொரு தடவ எடுக்கலாம்.”

“மில்லு ஓடிக்கினு கீதே,” என்றார் தபலாக்காரர்.

“சாயந்திரம் மில்லு நின்னதும் எடுக்கலாம்.”

“உத்திரத்துக்கு மைலத்துல நமக்காக இன்னொரு நாள் சேத்து வெப்பாங்களா?” என்றார் அந்த அம்மா. “மூணு மணி பஸ்ஸுக்கு டேப்பைக் குடுங்க. ஜல்தியா.”

டேப் போயிற்று. மில் ஓடியதால் குழாயில் போட்டுப் பார்க்கவும் முடியவில்லை, டீ மாஸ்டரின் தீர்ப்பு இல்லாமல் வெளியேறிய ஒரே பாட்டு அது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பாடகர், “எப்டி வந்திருக்குது?” என்று கேட்டார். “வந்திருக்குது,” என்றார் மனைவி.

உத்திரத்துக்கு முந்தைய நாள் கேசட் வந்தது. ஏழு பாட்டுக்கு வரவேற்பு பிரமாதம். எந்தப் படம் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எட்டாவதைப் பற்றிக் கடைக்காரர்கள் சொன்னது வேறு. இரண்டு பேர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். பாதிப் பாட்டில் ஆள் மாறிவிடுகிறார், டேப்பில் ஏதோ கோளாறு என்று புகார்.

பாடகர் வீட்டில் அதைக் கேட்டபோது நானும் இருந்தேன். எங்கள் திருவிழா வசூல் பற்றிப் பேசப் போனவன். முதல் ஏழையும் விட்டுவிட்டுக் கடைசிப் பாட்டை ஓடவிட்டார். முதல் சரணம் வரை கைகட்டிக்கொண்டு கேட்டார். எக்கோ இறங்கியதும் நிமிர்ந்தார்.

“இது யாரு?”

வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூக்குல பாடுறது கேக்கல? வேற யாருக்கு கீது அந்த மூக்கு.”

அவர் அந்த இடத்தை மறுபடி சுற்றிப் போட்டார். மறுபடியும். நான் கிளம்பும்வரை ஆறு முறை. வசூல் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

அந்த வைகாசியிலிருந்து மேடையில் அவர் சினிமாப் பாட்டுகளையும் அந்தக் குரலிலேயே பாட ஆரம்பித்தார். இரண்டு மூன்று கல்யாண வீட்டில், உங்கள் நல்ல பாடகர் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டார்கள். அடுத்த வருடம் எங்களுக்கு வந்த அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக என்னிடம் குறிப்பு ஏதும் இல்லை.

எக்கோவை இறக்கியது யார் என்று தனித்தனியே எல்லாரையும் விசாரித்தேன். இன்ஜினியர் முதலில் எங்கள் மூவரையும் குற்றம் சாட்டினார். பாட்டை யாரோ புகழ்ந்ததாகக் கேள்விப்பட்ட பிறகு, அது தன் யோசனை என்று சொல்லத் தொடங்கினார். தபலாக்காரர் 1987-இல் மறுத்தார், 1989-இல் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த வருடம் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், கீபோர்டைக் கண்டுபிடித்தது உட்பட. பாடகரின் மனைவியிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

“நான் என் குமிழத்தான் புடிச்சிக்கினு இருந்தேன். உங்க எடது கை எங்க இருந்துச்சி சார்?”

என் வலது கை கீபோர்டின் குமிழில் இருந்தது, அது நிச்சயம். இடது கை பற்றி நினைவு இல்லை. அந்தச் சரணத்தில் எக்கோவை இறக்கியது யார் கை என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.