அம்மாவின் பானைக்குக் கலர் வேண்டாமாம்

புதுக் கேமரா வாங்கியவர்களுக்கு நான் எப்போதும் வரிசையாகத்தான் சொல்லித்தருவேன். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய். தேதி, நேரத்தைச் சரிபார். கலரை ஸ்டாண்டர்டில் வை. பிறகு எதையும் நோண்டாதே. மும்பை மாட்டுங்காவில் நான் உதவியாளராக இருக்கும் ஞாயிறு புகைப்பட வகுப்புக்கு வருகிற எல்லோருடைய கேமராவையும் இப்படித்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன்.

பொங்கலன்று அவர்களைத் தாராவியில் எங்கள் சந்துக்கு அழைத்துவந்தேன். இங்கே யாரும் வீட்டுக்குள் பொங்கலிடுவதில்லை. தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டி எல்லோரும் ஒன்றாகப் பொங்குவோம். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "பானை பொங்கும்போது நான் பக்கத்துல நிக்குத மாதிரி ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுட்டி." அப்படி ஒரு படம் அவளிடம் இல்லை. பானை பொங்கும் நேரத்தில் என் கை விறகைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

வகுப்பை நடத்துகிறவர் செம்பூர்க்காரர். மூக்கில் கர்சீப்போடு வந்தார்.

"அரே, தாராவியை யாராவது கலர்ல எடுப்பாங்களா? கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். எல்லாரும் மோனோக்ரோம் போடுங்க. சாக்கடையும் ஃப்ரேம்ல வரணும்."

"அம்மாவுக்குக் கலர் படம் வேணும் சார். இவங்க எல்லாரும் ஜேபெக்லதான் எடுக்கறாங்க. கறுப்பு வெள்ளையில எடுத்துட்டா அப்புறம் கலர் திரும்ப வராது."

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்." சாக்கடைப் பக்கம் போய்விட்டார்.

பானை பொங்கியது. அம்மா குலவையிட்டாள். இன்னும் மெனுவைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவன் பதறினான்: "ஆன்ட்டி, ஏக் பார் அவுர்! கொஞ்சம் தண்ணி ஊத்தி மறுபடி பொங்க வைங்களேன்."

"பொங்குன பானையில பச்சத்தண்ணியா? கூறு கெட்டவனே!" என்னிடம் திரும்பினாள். "யாரட்டி கூட்டிட்டு வந்திருக்க?"

ஒவ்வொரு கேமராவாகக் காட்டினேன். பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து சாம்பலாக இருந்தது. அவளுடைய அரக்குச் சேலை கரியாக இருந்தது.

"என்னட்டி இது, கருமாதிக்கு மாட்டுத படம் மாதிரி? நான் உயிரோட இருக்கேன்லா?"

பின்னாலிருந்து செம்பூர்க்காரர், "என்ன மூட் பாருங்க!" என்றார். அடுத்த கேமராவுக்குக் கை நீட்டினேன்.

கடைசியாக நின்ற பெண் கேமராவைத் தரத் தயங்கினாள். "எனக்கு அந்த மோனோக்ரோம் எங்க இருக்குன்னே தெரியலக்கா. நீங்க வெச்சுக் குடுத்தபடியேதான் இருக்கு."

படம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் யாருடைய முழங்கையோ. ஆனால் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. நுரை வழிந்த பானையருகே அம்மா வாய் நிறையக் குலவையோடு நின்றாள்.

"இதப் போடு. அந்த முழங்கைய மட்டும் வெட்டிரு."

செம்பூர்க்காரரும் எட்டிப் பார்த்தார். "நைஸ்! இதையும் பிளாக் அண்ட் ஒயிட் பண்ணி எக்ஸிபிஷன்ல வைக்கலாம்."

அந்தப் பெண்ணிடம் கேட்டு, கார்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அவருக்கும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.