என் மச்சாண்டார் கேட்ட கேள்வி

2005-ம் வருடம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டின ஒரு ஊருக்கு நான் கல்யாணமாகி வந்த புதுசு. என் மச்சாண்டாருக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, அப்போது முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. உப்புக்கூடை தூக்குவதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரில் எல்லாருக்கும் அவர் 'டேய்'தான்.

ஒருநாள் வரப்பில், கூட வேலை செய்த பெண்ணின் கையைப் பிடித்துவிட்டார். அவள் பயந்து கத்த, அவளுடைய அண்ணன்கள் வந்து உதடு கிழிய அடித்தார்கள். அன்றிலிருந்து மாமியார் அவரை வீட்டிலேயே வைத்துப் பூட்டினார்.

"ஏன் அடிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு பக்கத்து ஊரில் இவரைப் போன்றவர்களுக்காக ஒரு பயிற்சி மையம் தொடங்கியிருந்தார்கள். என் கணவர் அங்கே சேர்த்துவிட்டார். அங்கிருந்த டீச்சர் படம் காட்டி, ஆண் உடம்பு, பெண் உடம்பு, ஆசை, கல்யாணம் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தார். மாமியாருக்குக் கோபம்.

"இவனுக்குப் போயி இதையெல்லாம் ஏம்மா சொல்லித் தர்றீங்க?"

"யாரும் சொல்லித் தரலைன்னுதாங்க அடி வாங்கிட்டு வந்தாரு" என்றார் டீச்சர்.

சில மாதம் கழித்து, என் கணவர் தன் பொறுப்பில் அவரைத் திரும்ப வேலைக்குக் கூட்டிப்போனார். மதியச் சாப்பாட்டு நேரம். மச்சாண்டார் எழுந்து அந்தப் பெண்ணிடம் நடந்தார். சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் பதறி எழுந்தேன். அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னிக்குக் கையப் புடிச்சது தப்புங்க. உங்கள எனக்குப் புடிச்சிருக்குது. பக்கத்துல உக்காந்து சாப்பிடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"வேணாங்க. எனக்கு இஷ்டம் இல்லீங்க."

"சரிங்க" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் வரைக்கும் கூடை தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். அடிவாங்கின அன்றுகூட அப்படி அழவில்லை. மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு அந்தக் கதவைப் பூட்டவே இல்லை.

ஒரு பெண் அவரை 'ங்க' போட்டு மறுத்த அன்றுதான், எங்கள் வீட்டில் முப்பது வயது ஆண் ஒருவர் இருக்கிறார் என்பது எங்களுக்கே உறைத்தது.