விடை கொடுத்த தட்டம்

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் நான் வேலை பார்த்த புடைவைக்கடையின் சொந்தக்காரரை முதலாளி என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவருக்கு மனம் நோகும். மாமா என்றுதான் அழைக்க வேண்டும். தெற்கில் பெரிய கடை வைத்திருந்து, எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அதை எரியக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர். அந்த இழப்புக்காக நான் அவரை ஒருநாளும் எள்ளியதில்லை. ஆனால் வந்த கையோடு தீவுப் பெண்கள் ஆறு பேரைக் கடைக்கு எடுத்து, "நீங்கள் வேலையாக்கள் இல்லை, என்ரை பிள்ளையள்" என்றாரே, அதைக் கேட்டு உருகிப்போன எங்கள் பெற்றோரை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் என்றபடியால் நியமனக் கடிதம் இல்லை. பிள்ளைகள் என்றபடியால் ஞாயிற்றுக்கிழமையும் கடை. தன் சொந்தப் பிள்ளைகளை அவர் லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அவர்களுக்கு ஞாயிறு லீவு என்று நம்புகிறேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மாமாவே உண்டாக்கிய வழக்கம்தான், ஆனால் ஏதோ பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருவது போல நடத்துவார். வேலை செய்யும் பெண்ணுக்கு வயிறு தெரியத் தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை கடைச் சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, சேலை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்த தட்டத்தை அவள் கையில் கொடுப்பார். "சுகமாப் பெத்தெடும் பிள்ளை" என்பார். அவள் கும்பிட்டு வாங்குவாள். நாங்கள் கண் கலங்குவோம். அடுத்த நாள் அவளுடைய இடத்தில் வேறொருத்தி நிற்பாள். இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அவர்கள் தாங்களாகவே விலகிவிட்டதாக மாமா சொன்னார், நாங்களும் நம்பினோம். நம்புவது சுலபமாக இருந்தது.

மூன்றாவது ஆள், சேலைப் பகுதியில் என் பக்கத்தில் நின்ற அக்கா. பக்கத்துக் கிராமமான கரம்பொன்காரி. புருஷன் ஜேர்மனிக்கென்று புறப்பட்டு, இடையில் எந்த நாட்டிலோ அகப்பட்டு, கடிதம்கூட வராத நிலை. வீட்டில் நோயாளித் தகப்பன். இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் தட்டத்தை நீட்டினார். அதில் இருந்த மஞ்சள் சேலை எனக்குப் பழக்கமானது. எவரும் வாங்காமல் அடித்தட்டில் கிடந்ததை நான்தான் அடிக்கடி உதறி மடித்து வைத்து வந்தேன். அக்கா அதைப் பரிசென்று நினைத்து வாங்கினாள். தட்டம் நீட்டினால் வாங்காமல் விடுகிற பழக்கம் எங்கள் தீவில் எவருக்கும் இல்லை. மாமாவின் கெட்டித்தனமெல்லாம் அதில்தான் இருந்தது.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மாமா பேயைக் கண்டவர் போலப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை வந்தனீர்?"

"வேலைக்குத்தான் மாமா."

"நேற்றுத் தட்டம் வாங்கி விடைபெற்றனீரல்லோ? போன பிள்ளை திரும்பி வாறது உமக்கும் கூடாது, வயித்தில இருக்கிறதுக்கும் கூடாது."

"எனக்கு வேலை வேணும் மாமா. பிள்ளை பிறந்தாப் பிறகும் வேணும். ரீச்சர்மாருக்கு லீவு குடுத்துத் திருப்பி எடுக்கினம். நாங்கள் மட்டும் என்ன மாடே?"

மாமா உடனே விஷயத்தைக் கோயில் பரிபாலன சபைக்குக் கொண்டுபோனார். சபைத் தலைவர் யார்? மாமாதான். அன்றைக்கு மட்டும் பெருந்தன்மையோடு தலைமையை உபதலைவருக்கு விட்டுக்கொடுத்தார். உபதலைவர் அவருடைய சம்பந்தி. நெற்றி நிறையத் திருநீற்றோடு மூன்று வெள்ளை வேட்டிகள் கூடி ஒரே ஒரு கேள்வி கேட்டன.

"தட்டத்தை ரெண்டு கையாலையும் வாங்கினனீரோ, இல்லையோ?"

"ஓம், வாங்கினனான். ஒற்றைக் கையால வாங்க எனக்கு ஆரும் பழக்கேல்லை."

அப்படியென்றால் அவள் விரும்பியே விலகினாள் என்று தீர்ப்பு. நீதி முடிந்த கையோடு வடையும் தேத்தண்ணியும் வந்தன.

அக்கா அழவில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்கத் தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள். ஊர் அவளைக் கந்தோர்ப் படி ஏறிய பெண் என்று பழித்தது. உறவுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை அரசாங்கத்திடம் கொண்டுபோனாளாம். உறவுக்குள் பேசிய அழகைத்தான் நாங்கள் வடையோடு பார்த்திருந்தோமே. அவள் என்னைச் சாட்சிக்குக் கேட்டாள். விசாரணைக்கு முதல்நாள் மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீர் எங்கட வீட்டுப் பிள்ளை. யோசிச்சுக் கதையும்" என்றார். வெருட்டும்போதும் பிள்ளைதான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன்.

தொழில் அதிகாரி மெலிந்த, களைத்த மனிதர். இராணுவம் இருந்த கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்துவார், அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். நான் கண்டதைச் சொன்னேன். மாமா தட்டத்தின் மகத்துவத்தை விரிவாக விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்.

"சரி. அவ தட்டத்தை வாங்காமல் விட்டிருந்தால் வேலைக்கு வைச்சிருப்பியளோ?"

"அதெப்பிடி ஐயா? இந்த வயித்தோட சனத்துக்கு முன்னால நிப்பாட்டினால் கடைக்கு அழகே?"

சொல்லிவிட்டு மாமா எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். கர்ப்பத்தைக் காட்டி எவரையும் வேலையால் நிற்பாட்ட ஏலாது, சேலை கொடுத்து நிற்பாட்டினாலும் ஏலாது என்றார். பிள்ளைப்பேற்று லீவும், அது முடிய அதே வேலையும் கொடுப்பதாக மாமா கையெழுத்து வைத்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

அவருடைய கார் பழுதாகிக் கிடந்ததால் திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ். நாங்கள் முந்தி ஏறியதால் எங்களுக்கு இடம் கிடைத்தது. கடைசியாக ஏறிய மாமா கம்பியைப் பிடித்தபடி எங்கள் பக்கத்தில் வந்து நின்று, நாங்கள் எழும்புவதற்காகக் காத்திருந்தார். கடையில் சேர்ந்த நாள் முதல் அவருக்கு முன்னால் நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார அங்கே எங்களுக்கென்று ஒரு மரவாங்குகூட இருந்ததில்லை. என் கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன. அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"இரடி" என்றாள், அவருக்கும் கேட்கும்படி. "இடம் வேணுமெண்டால் மாமா வாய் திறந்து கேக்கட்டும்."

பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்தது. அல்லைப்பிட்டி போனது, வேலணை போனது. அவர் கேட்கவில்லை. நானும் எழும்பவில்லை.