தேவ்நார் சாலையில் ஆறு நிமிடம்

ஏப்ரல் 6 – 0.0 மி.மீ.
ஏப்ரல் 7 – 0.0
ஏப்ரல் 8 – 0.0
ஏப்ரல் 9 – 4.4
ஏப்ரல் 10 – 0.0
மாதக் கூட்டுத்தொகை – 4.4 மி.மீ.

செம்பூரில் என் கட்டடத்து மொட்டைமாடியில் இருக்கும் மழைமானியின் கணக்கு இது. ஆண்டு 2025. இந்தச் சில வரிகளால் விஜயராணியின் வேலையே போயிருக்கும்.

விஜயராணிக்கு நாற்பத்தாறு வயது. தாராவியில் பிறந்தவர். அப்பா நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். கணவர் சிவனாண்டி மான்குர்த் கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போனதும், முப்பத்தைந்தாம் வயதில் இவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். பதினோரு ஆண்டாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். சுடிதார் மேல் காக்கிச் சட்டை. வண்டியை எடுக்குமுன் பதினான்கு பிள்ளைகளையும் தலையைத் தொட்டு எண்ணுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். எங்கள் கட்டடத்தில் ஏறுவது ஒன்றாம் வகுப்பு சாருலதா. அவளுக்காகக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் என்னைச் சீண்டாமல் போகமாட்டார்.

"சார், இன்னைக்கு மழை உண்டுமா?"

"பெஞ்சதுதான்மா எனக்குத் தெரியும். பெய்யப்போறது தெரியாது."

"அதுக்கு எதுக்கு சார் இந்த முட்டியோட மாடி ஏறுதீங்க? கொடியில நனைஞ்ச துணியே சொல்லிரும்லா."

ஏப்ரல் 8, செவ்வாய். கைபேசி, செய்தித்தாள் இரண்டிலும் வறண்ட வானிலை என்றே இருந்தது. மாலை 4.37க்குக் காற்று திரும்பியது. 4.41க்கு ஆலங்கட்டி விழத் தொடங்கி 4.47க்கு நின்றது. பெரிய கல் நெல்லிக்காய் அளவு இருந்தது. எழுபத்தெட்டு வயதில் பம்பாயில் நான் ஆலங்கட்டி பார்த்தது அதுவே முதல் தடவை.

விஜயராணி அப்போது தேவ்நார் சாலையில் வந்துகொண்டிருந்தார். வேனின் கூரையில் முதலில் ஒரு அடி, பிறகு நான்கைந்து. பனிக்கட்டி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தொண்ணூற்றிரண்டு டிசம்பர் கலவரத்தில், பதின்மூன்று வயதில், அப்பாவோடு டெம்போவில் மாஹிம் பக்கமிருந்து வீடு திரும்பியபோது கேட்ட சத்தம் அது. வண்டியில் கல் விழுந்தால் நிறுத்தாதே, மிதி என்று அன்று அப்பா டிரைவரிடம் கத்தியதும் காதில் இருந்தது. இப்போது விஜயராணியும் ஆக்சிலரேட்டரை மிதித்தார். முன்கண்ணாடி சிதறியது. சாலையில் கிடந்த கட்டிகளில் சக்கரம் வழுக்கி, வேன் நடுச்சுவரில் உரசி நின்றது. பிள்ளைகளை எண்ணினார். பதினான்கு. சாருலதாவின் இடது மணிக்கட்டு மட்டும் முறிந்திருந்தது.

வேன்களைக் குத்தகைக்கு விடும் வெங்கடேஷ் அன்று மாலையே கண்ணாடியை மாற்றிவிட்டார். வேகக் கருவியில் 24 கிலோமீட்டரிலிருந்து 43க்கு ஏறியது பதிவாகியிருந்தது. பள்ளி இருந்த பக்கம் வெறும் காற்றுதான். பனிக்கட்டி விழுந்ததாகப் பிள்ளைகள் சொன்னதை, விஜயராணி சொல்லிக்கொடுத்தது என்றது பள்ளி நிர்வாகம். விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது. குற்றம் உறுதியானால் எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்காது.

வானிலை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் 22 அன்று பதில் வந்தது. தங்கள் நிலையங்கள் எதிலும் ஆலங்கட்டி பதிவாகவில்லை. இத்தகைய மேகம் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து அடங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பெய்து போவதை முன்கூட்டிச் சொல்லவும் இயலாது, பெய்யவில்லை என்று மறுக்கவும் இயலாது. நேர்மையான கடிதம்தான். விஜயராணிக்கு அது போதாது.

மே 3, பள்ளியில் விசாரணை. பதிவேட்டோடு நானும் போனேன். வெங்கடேஷ் அதை வாங்கிப் புரட்டினார்.

"ஏப்ரல் எட்டு, சைபர். நீ கூட்டிட்டு வந்த ஆளே எழுதியிருக்காரு பாரு."

காலை எட்டரைக்கு எடுக்கும் கணக்கு, முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்து மழையை எடுத்த நாளின் பேரில்தான் காட்டும். ஆகவே எட்டாம் தேதி மாலை பெய்தது ஒன்பதின் நேரே நிற்கிறது என்றேன். மானிக்குள் விழுந்த பனிக்கட்டியை அளந்த வெந்நீர் ஊற்றிக் கரைத்து, அந்த வெந்நீரைக் கழித்து, மீதியை மழையாக எழுதுவதுதான் முறை என்றும் சொன்னேன். நாற்பத்தோரு ஆண்டாக முறை தவறாமல் எழுதிய பதிவேட்டில் ஆலங்கட்டி என்ற சொல்லே இல்லை.

"பெரியவரே, ஐஸும் காணோம், தேதியும் சரியில்ல. பின்ன எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் வெங்கடேஷ்.

முடிவு தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். பேருந்தில் திரும்பினோம். தேவ்நார் தாண்டியதும் விஜயராணி கேட்டார்.

"சார், வெந்நி ஊத்துனேன்னீங்களே. எவ்வளவு ஊத்துனீங்கன்னு எங்கேயாவது குறிச்சாத்தானே அப்புறம் கழிக்க முடியும்?"

"ஒரு துண்டுச் சீட்டுல போடுவேன். அது வெறும் கச்சாக் குறிப்பு."

"மழைக்கு யாராவது வெந்நி ஊத்துவாங்களா சார்? ஐஸ் இருந்தாத்தானே ஊத்துவாங்க."

எனக்கு அது தோன்றவில்லை. பதிவேட்டில் ஏற்றிய பிறகு சீட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்கான சாக்கில் போட்டுவிடுவது வழக்கம். அந்த மாதம் அவர் வந்துபோனாரா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கைத் தரையில் கொட்டினோம். விஜயராணி உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். எழுபத்து மூன்றாவது சீட்டு: ஏப். 8, மாலை 4.55. மொத்தம் 10.4. வெந்நீர் 6.0 கழிக்க. 4.4.

மே 5 அன்று சீட்டையும் வானிலை அலுவலகக் கடிதத்தின் நகலையும் பதிவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்பினோம். பிறகு ஐந்து வாரம் எந்தத் தகவலும் இல்லை. பள்ளி திறக்க நாள் நெருங்கியது. அவருடைய தடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாக வெங்கடேஷ் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். விஜயராணி மூன்று நாளுக்கு ஒருமுறை சாருலதாவின் கையைப் பார்க்க வருவார். தபால்காரர் வந்துபோகும்வரை கீழே காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். கடிதம் வரவேண்டியது அவர் வீட்டு முகவரிக்கு, இங்கே அல்ல என்று நான் இருமுறை சொன்னேன்.

"தெரியும் சார். அங்க நின்னா வீட்டுக்காரரு மூஞ்சியைப் பாக்கணும்."

கடைசியில் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். ஆலங்கட்டி விழுந்ததை ஏற்கிறோம். விபத்துக்கு ஓட்டுநர் பொறுப்பல்ல. பழைய தடத்திலேயே வண்டி ஓட்டலாம். ஆனால் ஆபத்தில் நிறுத்தாமல் வேகம் கூட்டியதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை.

விஜயராணி கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார்.

"அது சரிதான் சார். மிதிச்சது நான்தானே. இனிமே என்ன விழுந்தாலும் ஓரமா நிறுத்திட்டுத்தான் பாக்கணும்."

உறையின் மூலையில் அவர் முன்னால் குறித்தேன்: வந்த தேதி, 11 ஜூன் 2025, புதன்.