மகள்கள் இரண்டு என்று படித்தேன்

அண்ணன் நாடாளுமன்ற உறுப்பினரானபோது, அவருடைய பம்மல் வீட்டு முன்னறையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படிப்பு, டைப்ரைட்டிங்கில் லோயர் கிரேடு, அவ்வளவுதான் என் தகுதி. அவர் கவுன்சிலராக இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை. கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன், எனக்கும் அப்படித்தான். அவர் மனைவி எனக்கு அண்ணி, பிள்ளைகளுக்கு நான் அத்தை. மனு கொடுக்க வருகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து பேசினாலே எனக்கு முகம் வியர்த்துவிடும். மெஷினைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். "இது வாயே தொறக்காது. ரகசியம் வெளிய போவாது" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வார்.

ஜெயித்த பிறகு டெல்லியிலிருந்து ஒரு படிவம் வந்தது. உறுப்பினர்கள் அனைவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்து ஒரு புத்தகம் போடுவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் தோளில் துண்டோடு நடந்துகொண்டே சொல்ல, நான் அடித்தேன்.

அப்பா பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பம்மல் டேனரி ஒன்றில் உப்புத் தோல் கழுவியவர்கள். அண்ணனும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதே டேனரியில் சேர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்துபோன பிறகுதான் சங்கம் ஆரம்பித்தார். தோல் நாற்றம் என்று பஸ்ஸில் தன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவர் மேடையில் சொல்லும்போது கேட்கிற பெண்கள் அழுவார்கள். சங்கச் செயலாளர், கவுன்சிலர், நகராட்சித் தலைவர், இப்போது எம்.பி.

"தொழில்னு ஒரு கட்டம் இருக்குதுண்ணே."

"தோல் தொழிலாளின்னு போடு. எவன் இன்னா நெனச்சா நமக்கின்னா."

"பொழுதுபோக்கு?"

"மீட்டிங்குக்குப் போறதுதான். அதையா எழுதறது? கேரம்னு போடு. புக்கு படிக்கிறதுன்னும் சேத்துக்கோ, டெல்லிக்காரன் மதிப்பான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிள்ளைகள் பற்றிய கட்டம் ஒன்றுதான் பாக்கி.

"மகன் ஒண்ணு. மகள் ஒண்ணு," என்றார்.

என் விரல் நின்றது. அவருக்கு மகள்கள் இரண்டு பேர். மூத்தவள் அதற்கு முந்தைய வருடம், வெல்டிங் பட்டறையில் வேலை செய்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பெருங்களத்தூருக்குக் குடிபோயிருந்தாள். மாப்பிள்ளை வேறு சாதி. சாதிக்காகத் தனக்குக் கோபமில்லை என்று அண்ணன் சொன்னார். எத்தனையோ கலப்புத் திருமணங்களுக்குத் தலைமை தாங்கி, தன் கையால் மாலை எடுத்துக் கொடுத்தவர் அவர். "ஊரான் பொண்ணுக்கெல்லாம் நான் மாலை எடுத்துக் குடுத்தேன். எம் பொண்ணு என்னை நம்பாம ரெஜிஸ்டர் ஆபீசுக்கு ஓடினா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு அவர் எதிரில் யாரும் அவள் பெயரை எடுக்கக் கூடாது. அண்ணி மட்டும் அவருக்குத் தெரியாமல் மாதம் ஒரு முறை என்னிடம் சாம்பார் பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்புவார்.

"இன்னா முழிக்கிற? ஒண்ணுன்னு அடி."

அடித்தேன்.

புத்தகம் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. கெட்டி அட்டை, செங்கல் கனம். அண்ணன் அப்போது டெல்லியில் இருந்தார். மூத்தவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு மகளை எப்படியாவது வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அண்ணிக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் அண்ணனிடம் கேட்கப் பயம்.

அண்ணிக்குத் தமிழ் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அண்ணன் படம் இருந்த பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். "மொதல்லேர்ந்து படி."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மாமனார் பெயர் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். தன் பெயர் வந்ததும், "என் பேரா? டெல்லி புக்குலயா?" என்று எட்டிப் பார்த்தார். மகன் ஒருவர் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அண்ணி புத்தகத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள்கள் இரண்டு பேர்," என்றேன்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எழுதிட்டாரா? வாயால சொல்ல மாட்டாரு, அவ்ளோ வீம்பு. ஆனா எழுதிட்டாரு பாத்தியா!"

இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இரக்கமில்லை, பயம். ஒன்று என்று சொன்னால் அவர் என் எதிரில் அழுவார். அதைத் தாங்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாளே அண்ணி என்னையும் அழைத்துக்கொண்டு பெருங்களத்தூருக்குக் கிளம்பினார். காரில் போனால் டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிடுவார் என்று ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் போய் மின்சார ரயில் பிடித்தோம். துண்டில் சுற்றிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அறையில் தொட்டில் கட்டுவது என்று பேசிக்கொண்டே வந்தார். தாம்பரத்தில் கூட்டம் இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னா, தண்ணி வேணுமா?" என்றார் அண்ணி. வேண்டாம் என்றேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கினோம்.

மகள் பி.காம். படித்தவள். அம்மா பேசப் பேச அவள் பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். ஒரு இடத்தில் அவள் கண் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"ரெண்டுன்னு போட்டிருக்குதா இல்லியா, நீயே சொல்லு," என்றார் அண்ணி.

"ஆமாம்மா. அத்தை சரியாத்தான் படிச்சிருக்காங்க."

"அப்புறம் இன்னாடி? கெளம்பு, தலைப்பிரசவம் நம்ம வூட்லதான்."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றேம்மா."

அவள் வரவில்லை. எப்படி வருவாள்? அண்ணி இரண்டு முறை ஆள் அனுப்பினார், மூன்றாவது முறை தானே போய்க் கெஞ்சினார். குழந்தை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. செய்தி வந்த அன்று அண்ணி சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறைதான். "அப்பன் எறங்கி வந்துட்டாரு. இவ எறங்க மாட்டாளாமே. படிச்ச திமிரு." அதிலிருந்து சாம்பார் பொடி போவதும் நின்றது. உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பிய அண்ணி, அண்ணன் எதிரில் மட்டும் அவள் பெயரை அப்போதும் எடுக்கவில்லை. முன்பு அவளுக்கு அப்பா மட்டும்தான் இல்லை. நான் படித்த அந்த ஒரு வரிக்குப் பிறகு அம்மாவும் இல்லாமல் போனார்.

உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ பகல்கள் இருந்தன. அண்ணி தினமும் பதினொரு மணிக்கு எனக்குக் காபி கொண்டுவந்து வைப்பார். வாங்கிக் குடிப்பேன்.

அண்ணனுக்கு அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்கவில்லை. அதற்குள் அண்ணிக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான்தான் கூட இருந்தேன். பேத்தியை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. கூட்டிவரட்டுமா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணியை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனின் தங்கை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "வா மகாராணி! அப்பன் டெல்லி புக்குலயே உன்னை எழுதி வெச்சான். பெத்தவ வந்து கெஞ்சினா. அப்பல்லாம் வராம இப்ப இன்னாத்துக்கு வந்த?"

நாற்காலியில் இருந்த அண்ணன் நிமிர்ந்தார். புத்தகத்தில் அப்படி எழுதியிருப்பதாக இந்த வீடு நம்பிக்கொண்டிருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நேராக என்னைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். அப்படி எழுதவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நான்தான் மாற்றிப் படித்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அண்ணியின் மாலையைச் சரிசெய்யக் குனிந்தேன். மகள் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு வெளியே போனாள்.

கேட் வரை பின்னாலேயே போனேன்.

"அத்தை, அம்மா கடைசியா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்கம்மா."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "இதையும் புக்கு படிச்ச மாதிரிதான் சொல்றீங்களா?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. "கல்நெஞ்சுக்காரின்னாங்க," என்றேன். "நான் செத்தாகூட அவ வர மாட்டான்னாங்க."

"அது அம்மாதான்," என்றாள். "அம்மா அப்படித்தான் பேசுவாங்க." உள்ளே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழந்தை பயந்து வீறிட்டது. நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டேன்.