கிரகணத்துக்கு முந்திய கட்டி

வாசலில் காது, மூக்கு, தொண்டை என்றுதான் பலகை மாட்டியிருக்கிறேன். காரைக்காலில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கழுத்தைத்தான் நீட்டுகிறார்கள். குளிக்கும்போது ஒரு உருண்டை கையில் தட்டுப்பட்டு, அன்றோடு தூக்கத்தைத் தொலைத்தவரா நீங்கள்? நம்ம கூட்டம்தான், உட்காருங்கள்.

கை வைக்காதவர்

வரிச்சிக்குடி விவசாயி ஒருவருக்குத் தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. சொத்தைப் பல்லின் வேலை. பல்லைப் பிடுங்கினால் கட்டி தானாக வடிந்துவிடும், அமுக்கிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது பல் போயிருந்தது. கட்டி மட்டும் மேல்தோல் சிவந்து அப்படியே இருந்தது. தொட்டீர்களா என்று கேட்டேன். சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார்.

"நான் கையே வைக்கலைங்க டாக்டர். பாக்க வந்தவங்கதான் ஆளுக்கொருதரம் அமுக்கிப் பாத்துட்டுப் போனாங்க."

டார்ச் வெளிச்சம்

திருவேட்டக்குடியிலிருந்து ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்ததால் கூட மாமியார். குழந்தையின் கழுத்தோரம் எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். விளக்கை அணைத்து டார்ச்சை வைத்தேன்; வீக்கம் முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே தேங்கியிருப்பது நிணநீர், பிறவியிலேயே வருவது, புற்றுநோய் இல்லை, ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு ஊசி போட்டுச் சுருக்கிவிடலாம் என்றேன்.

பெண் அழுதேவிட்டாள். மாமியார் அசையவில்லை.

"அந்த நோயி இல்லன்னா சந்தேகமே இல்லைங்க. வயித்துப் புள்ளையோட இவ கிரகணத்தன்னைக்கு மீனு வெட்டுனா, அதான்."

எத்தனையாவது மாசம்

ஊசி போட்டதும் கட்டி முதலில் பெரிதானது. பெரிதாகும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இருந்தும் அதற்கும் அந்த மீனே பொறுப்பேற்றது. பிறகு வற்றத் தொடங்கியது. கடைசியாக வந்தபோது குழந்தையின் கழுத்தைத் தடவித் தேட வேண்டியிருந்தது.

தாயின் முகம் மட்டும் தெளியவில்லை. கேட்டதில், வீட்டில் இவள் அரிந்த மீனை இன்னும் யாரும் தொடுவதில்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிரகணத்தன்று எத்தனையாவது மாதம் என்றேன். எட்டு என்றாள். இந்தக் கட்டி மூன்றாம் மாதத்துக்குள்ளேயே கருவில் உருவாகிவிடும், எட்டாம் மாத மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று மாமியாரிடம் அழுத்திச் சொன்னேன்.

அந்த அம்மாள் யோசித்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, அப்படியானால் மூன்றாம் மாதத்தில் என்ன செய்து தொலைத்தாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"மூணாம் மாசம் வாந்தியெடுத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன் அத்தை. மீனு வெட்டுனது நீங்கதான்."

கட்டியைக் கரைக்க என்னிடம் ஊசி இருக்கிறது. மிச்சத்தை மருமகள்களே பார்த்துக்கொள்கிறார்கள்.