பெரட்டில் கேட்ட சம்மதம்

கௌரவப் பட்டத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. பல்கலைக்கழக மூதவை பரிந்துரைத்துப் பேரவை சம்மதிக்கும்வரை பெயர் வெளியே வரக்கூடாது. வந்தால் அந்தப் பெயரை நீக்கிவிடுவார்கள். பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு இது மனப்பாடம்.

நான் ஓய்வு பெற்ற பிறகும், என் ஊர் ஹட்டன் பக்கம் என்பதால், பட்டத்தை ஏற்பாரா என்று ஒருவரிடம் ரகசியமாகக் கேட்டுவர என்னைத்தான் அனுப்பினார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே தோட்டத்துப் பெண்களுக்காகப் போராடிய அம்மா அவர். மெலிந்த உடம்பு, நெற்றிக்கு மேலே கூடைக்கயிறு அழுத்திய தழும்பு. எதைக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரிடம் "அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"காலையில பெரட்டுல எல்லாரும் வேலைக்குக் கூடுவாங்க. கேட்டுட்டுச் சொல்றேங்க ஐயா."

"வெளிய தெரிஞ்சா பட்டம் கிடைக்காதும்மா."

"ஸ்ட்ரைக்குல அவங்களும்தானே பட்டினி கெடந்தாங்க? கேக்காம நான் மட்டும் எப்படிங்க மாலை வாங்குறது?"

மறுநாள் காலையில் கேட்டுவிட்டார். எல்லோரும் வாங்கச் சொன்னார்களாம். அன்று மாலையே ஹட்டன் பஸ் நிலையத்தில், அவர் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று பட்டத்தைப் போட்டு ஒரு பேனர் தொங்கியது. விதிப்படி பெயர் நீக்கப்பட்டது. அந்த வருடப் பட்டம் ஒரு ஹோட்டல் முதலாளிக்குப் போனது. அவர் ரகசியத்தை நன்றாகக் காப்பாற்றினார்.

எத்தனையோ பேரின் கௌரவப் பட்டங்களுக்கு நான் கோப்பு தயாரித்திருக்கிறேன். கூட வேலை செய்தவர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டது அந்த அம்மாவின் விஷயத்தில் மட்டும்தான். அதையும் நாங்கள் கேட்கவில்லை.